இளம் கதிரியக்க மருத்துவரின் ஆய்வுக்கு யார் பணம் தருவது?

நான் கதிரியக்கவியல் பட்ட மேற்படிப்பில் பயிலுநராக இருந்த காலம் அது. ஒரு நாள் பின்னேரம் ஸ்கேன் அறைக்கு ஒரு பிள்ளை வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். கூடவே அவளது உம்மா. வயிற்றுவலிக்காக வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது, "இரண்டு சிறுநீரகங்களும் சிறிதாக உள்ளன" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் மீண்டும் அளந்தேன். வலது பக்கம் 9.1 சென்ரிமீற்றர், இடது பக்கம் 9.3. அளவைத் தவிர வேறெந்தக் குறையும் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனை சரி, சிறுநீர்ப் பரிசோதனையும் சரி. பிள்ளையோ மெலிந்தவள், உயரம் ஐந்தடிக்கும் குறைவு.

உம்மா மெல்லிய குரலில் சொன்னார்: "டொக்டர், கலியாணம் பேசி முடிச்சிருந்த. இப்ப மாப்பிள வீட்டாக்கள் கிட்னி சுருங்கின புள்ளயாமேண்டு கதைக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்த எழுதித் தாங்களன்."

என்ன எழுதுவது? சாதாரண அளவு என்று எழுதலாம். எந்த அளவுகோலை வைத்து என்று யாராவது கேட்டால்? நாங்கள் படித்த நூல்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் அளவீடுகளில் ஒன்று 1993இல் வெளியான டென்மார்க் ஆய்வு. நோயற்ற 665 வளர்ந்தோரை ஸ்கேன் செய்து எடுத்தது. அதன்படி சிறுநீரகத்தின் நடுத்தர நீளம் இடது பக்கம் 11.2, வலது பக்கம் 10.9 சென்ரிமீற்றர். உடலின் பருமனுக்கும் வயதுக்கும் ஏற்ப இது மாறும் என்பதையும் அந்த ஆய்வே காட்டியது. டென்மார்க் மக்கள் உலகிலேயே உயரமானவர்களுள் சேர்ந்தவர்கள். அவர்களின் அளவுகோலை எடுத்து, ஐந்தடியை எட்டாத எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பிடித்துப் பார்த்தால் அவள் நோயாளியாகத்தான் தெரிவாள்.

எங்கள் நாட்டில் இது சின்ன விஷயமுமல்ல. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து, நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளைக்கூட ஒரு நாட்பட்ட சிறுநீரக நோய் பிடித்து வருகிறது. அதற்கான காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. சுருங்கிய சிறுநீரகம் அந்த நோய் முற்றியதன் அடையாளங்களில் ஒன்று. ஆகவே எது சுருங்கியது, எது இயல்பிலேயே சிறியது என்று பிரித்தறிவது ஒரு குடும்பத்தின் நிம்மதி சார்ந்த கேள்வி.

அன்றிரவு எனக்கு ஓர் எண்ணம் வந்தது. நோயற்ற எங்கள் மக்கள் முந்நூறு பேரை நாமே அளந்தால் என்ன? வாப்பாவிடம் சொன்னேன். இதற்குக் கொஞ்சம் நிதி தேட வேண்டும் என்றும் சொன்னேன்.

"அளக்கிறதுக்குக் காசி எதுக்கு மகன்? மெசின் ஆஸ்பத்திரியில இரிக்கிதானே?" என்றார்.

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான்.

யார் இந்தப் பயிலுநர்?

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். எக்ஸ்ரே எடுப்பவர் வேறு, அதைப் பார்த்து நோயை எழுதுபவர் வேறு. படம் எடுப்பவர் ரேடியோகிராபர். படத்தைப் படித்து அறிக்கை தருபவர் ரேடியோலொஜிஸ்ட், அதாவது கதிரியக்கவியல் நிபுணர். இவர் முதலில் எம்.பி.பி.எஸ். முடித்து டொக்டராக வேண்டும். பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980இல் தொடங்கப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தேர்வில் தேறிப் பயிற்சிக்குள் நுழைய வேண்டும். எம்.டி. முடித்த பின்னரும் விசேட நிபுணராக அங்கீகாரம் பெறச் சிரேஷ்ட பயிலுநராக மேலும் சில காலம். வழமையாக அதில் ஒரு பகுதி வெளிநாட்டில் கழியும்.

இந்தக் காலம் முழுவதும் அவர் மாணவருந்தான், வேலைக்காரருந்தான். சம்பளம் தருவது சுகாதார அமைச்சு, பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தினுடையது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி மாறும். பகலில் ஸ்கேன் வரிசை, இரவில் ஒன்கோல், இடையில் பரீட்சைக்கான படிப்பு. கலியாணம் முடித்துக் குழந்தை பெறும் வயதும் இதுதான். ஆய்வு ஒன்று செய்து பழக வேண்டிய காலமும் இதுவேதான். முப்பது வயதில் கேள்வி கேட்டுப் பழகாதவர் ஐம்பது வயதில் திடீரெனக் கேட்கத் தொடங்குவது அபூர்வம்.

மெசின் இருந்தும் காசு எதற்கு?

வாப்பாவுக்கு அன்று ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆண், பெண் என இரு பிரிவு. வயதின்படி ஐந்து பிரிவு. மொத்தம் பத்துக் குழு. குழுவுக்கு முப்பது பேர் என்றால் 300 பேர். ஒருவருக்கு விளக்கம் சொல்லிச் சம்மதம் வாங்கி, உயரமும் நிறையும் எடுத்து, இரு சிறுநீரகங்களையும் அளந்து பதிய இருபது நிமிடம். 300 பேருக்கு நூறு மணித்தியாலம்.

செலவுப் பட்டியல் இப்படி வந்தது. ஜெல்லும் கடதாசியும் 20,000 ரூபா. வேறொரு நாளில் வந்து போவோருக்குப் பஸ் காசு, ஆளுக்கு 200 ரூபாப்படி 60,000. பதிவு செய்ய ஓர் உதவியாளருக்கு 40,000. புள்ளிவிபரவியலாளர் ஒருவரின் ஆலோசனைக்கு 30,000. ஆகமொத்தம் ஒன்றரை இலட்சம்.

வாப்பா கடதாசியைப் பார்த்துவிட்டு, "இது பெரிய காசில்லயே" என்றார். உண்மை. ஆனால் அந்த நூறு மணித்தியாலம் பட்டியலில் இல்லை. ஆஸ்பத்திரி மெசின் பகல் முழுக்க நோயாளிகளுக்குரியது. நான் ஆய்வுக்குப் போனால் என் வரிசையில் நிற்கும் நோயாளியை யார் பார்ப்பது? இன்னொரு டொக்டர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். ஆய்வு நிதி என்றவுடன் பெரிய இயந்திரங்கள் வாங்குவதாகவே பலர் நினைக்கிறார்கள். பயிலுநரின் விடயத்தில் அந்தப் பணம் வாங்கிக் கொடுக்க வேண்டிய முதற்பொருள் நேரம்.

இதற்கு ஓர் அழகான சான்று சி.ரி. ஸ்கேனின் வரலாற்றிலேயே இருக்கிறது. அலன் கோர்மக் என்பவர் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் பௌதிகவியல் விரிவுரையாளர். 1956இல் அங்குள்ள குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியின் பௌதிகவியலாளர் விலகிச் செல்ல, அந்த இடத்துக்கு வாரத்தில் ஒன்றரை நாள் வந்து உதவும்படி இவரைக் கேட்டார்கள். அந்த ஒன்றரை நாளில், உடலைப் பல திசைகளிலிருந்து ஊடுருவும் கதிர்களைக் கொண்டு உள்ளே இருப்பதைக் கணித்து வரைய முடியாதா என்ற கேள்வி அவருக்குள் பிறந்தது. முதற்பரிசோதனைக்கு அவர் பயன்படுத்தியது மரவளையம் சூழ்ந்த ஓர் அலுமினிய உருளையை. 1963இலும் 1964இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகளை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிரித்தானியாவில் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் தனியாக உழைத்து உருவாக்கிய இயந்திரம் 1971இல் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. கோர்மக்கிடம் அன்று இருந்தது மலிவான ஓர் உருளையும், கேள்வி ஒன்றோடு இருக்கக் கிடைத்த கொஞ்ச நேரமுந்தான்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்?

நேரத்தை வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடுகளைச் சில நாடுகள் முறையாகவே செய்து வைத்துள்ளன.

வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கம் 1915இல் தோன்றிய பழைய அமைப்பு. அது 1984இல் ஆய்வுக்கும் கல்விக்குமென ஒரு நிதியத்தை அமைத்தது. சேர்த்து வைத்த மூலதனத்தின் வருமானம், கதிரியக்க நிபுணர்கள் தம் கைக்காசிலிருந்து தரும் நன்கொடை, கம்பனிகளின் பங்களிப்பு ஆகியவற்றால் அது இயங்குகிறது. பல ஆண்டுகளாக அது பயிற்சியிலுள்ள மருத்துவருக்கு ஓராண்டு ஆய்வுக்கு 30,000 டொலரும், அடுத்த படியிலுள்ளவருக்கு 50,000 டொலரும் வழங்கி வந்துள்ளது. டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் முதலாவது தொகை 90 இலட்சம் ரூபா. கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்த ஆய்வு நேரத்துக்குரிய சம்பளத்தையும் அதிலிருந்து கொடுக்கலாம். அதுதான் அதன் சூட்சுமம்.

பிரித்தானியாவில் வழி வேறு. 2005இல் வெளியான ஓர் அறிக்கையின் பின், பயிற்சிப் பதவிக்குள்ளேயே ஆய்வுக்கு இடம் வைத்தார்கள். கல்விசார் மருத்துவப் பயிலுநர் என்ற அந்தப் பதவியில் நான்கில் மூன்று பங்கு நேரம் ஆஸ்பத்திரிக்கு. ஒரு பங்கு ஆய்வுக்கு. வருடத்தில் மூன்று மாதம் என்று கொள்ளலாம். கதிரியக்கவியல் உட்படப் பல துறைகளில் இப்பதவிகள் உண்டு. அந்த மூன்று மாதத்தில் பெரிய கண்டுபிடிப்பு எதையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு கேள்வியைக் கூர்மையாக்கி, ஒரு சிறு ஆய்வை முடித்து, அதைக் காட்டி அடுத்த பெரிய நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. முதற்படியில் ஏற ஒரு கை கொடுக்கிறார்கள்.

இவை எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? அமெரிக்க நிதியத்தின் பயிலுநர் நிதி, வட அமெரிக்க நிறுவனங்களில் பயிற்சி பெறுவோருக்குரியது. பிரித்தானியப் பதவிகளும் அந்நாட்டுப் பயிற்சிக்குள் இருப்போருக்கே. கொழும்பிலோ கண்டியிலோ பயிற்சி பெறும் ஒருவர் அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அமைப்பு முறையைப் படித்துக்கொள்ளவும் செய்யலாம்.

இங்கே என்ன இருக்கிறது?

நம் நாட்டில் ஆய்வு நிதியே இல்லையென்று சொன்னால் அது பொய். தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கிறது. தேசிய ஆராய்ச்சிப் பேரவை இருக்கிறது. 1887இல் தோன்றிய இலங்கை மருத்துவச் சங்கம் சிறிய அளவிலான ஆய்வு நிதிகளை வழங்கி வந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கும் சொந்த நிதி உண்டு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக நிதி பெரும்பாலும் அங்கு நிரந்தரமாகக் கடமையாற்றும் விரிவுரையாளர்களுக்குரியது. பயிலுநரோ ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்பவர். என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் விண்ணப்பித்த ஓரிடத்தில் நிரந்தர உத்தியோகத்தராக இருக்க வேண்டும் என்றார்கள். இன்னோரிடத்தில் மூத்த நிபுணர் ஒருவர் பிரதான ஆய்வாளராகக் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். அப்படியொருவரைத் தேடிப் பிடித்து, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் கைக்கு வந்த நேரம் எனக்கு அடுத்த ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்துவிட்டது. அங்கே அனுமதிப் படிவத்தை முதற்பக்கத்திலிருந்து மீண்டும் நிரப்பினேன். ஒருவரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தத்தமது விதியைத்தான் சொன்னார்கள். அந்த விதிகள் ஒன்றிலும் இடம் மாறிக்கொண்டிருக்கும் ஓர் இளம் மருத்துவருக்கு இடம் வைத்திருக்கவில்லை.

முடித்த ஆய்வை வெளியிடுவதிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. பல வெளிநாட்டுச் சஞ்சிகைகள் கட்டுரையாளரிடமே ஆயிரக்கணக்கான டொலர் அறவிடுகின்றன. 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து ஓரிரு மாதங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டபோது, வெளியீட்டுக் கட்டணம் ஒரு பயிலுநரின் பல மாதச் சம்பளமாயிற்று. அறவிடாத சஞ்சிகைகளும், எங்களைப் போன்ற நாடுகளுக்குச் சலுகை தரும் சஞ்சிகைகளும் உண்டு. தேடிப் பார்த்தபின் அனுப்ப வேண்டும்.

விண்ணப்பிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

இப்போது நானும் சில விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் இடத்தில் இருக்கிறேன். கண்ட சில விடயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, கேள்வி ஒரு வரியில் அடங்க வேண்டும். "இலங்கையில் சிறுநீரக நோய்" என்பது தலைப்பு. "நோயற்ற இலங்கையரின் சிறுநீரக நீளம் உயரத்தோடு எவ்வளவு மாறுகிறது?" என்பது கேள்வி. முதலாவதை எழுதினால் படிப்பவர் கொட்டாவி விடுவார்.

இரண்டாவது, கதிரியக்கவியலுக்கு அல்லாஹ் தந்த ஒரு வசதி இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கு வேண்டிய படங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக் கணினியில் சேமித்த படங்களை மீண்டும் எடுத்து அளந்தே நல்ல ஆய்வுகள் செய்யலாம். நோயாளியை மறுபடி கூப்பிடத் தேவையில்லை. மேலதிகக் கதிர் படுவதுமில்லை. ஆனால் பழைய படந்தானே என்று ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியில்லாமல் தொடக் கூடாது. பெயரும் அடையாளமும் நீக்கப்பட வேண்டும். அந்தப் படங்கள் எமக்கு அமானிதம்.

மூன்றாவது, புள்ளிவிபரவியலாளரிடம் தொடக்கத்திலேயே போங்கள். எல்லாம் அளந்து முடித்தபின் "இதில என்ன சொல்லலாம் சேர்?" என்று கேட்டால் அவருக்கு உதவ வழியிருக்காது.

நான்காவது, வழிகாட்டியைத் தேர்வதில் பெயரைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். மாதத்தில் ஒரு மணித்தியாலம் உண்மையாகவே உட்கார்ந்து பேசுபவர், கையொப்பம் மட்டும் தரும் பெரிய பேராசிரியரைவிட மேல். மூன்று ஆஸ்பத்திரி மாறினாலும் கூடவே வரக்கூடியவராயின் இன்னும் நல்லது.

ஐந்தாவது, கம்பனிக் காசு. ஸ்கேன் இயந்திரமோ படத்துக்கான மருந்தோ விற்கும் கம்பனி ஆய்வுக்கு உதவ வந்தால் அதை வாங்குவது ஹராமென்று நான் சொல்லமாட்டேன். வாங்கியதை எழுத்தில் சொல்ல வேண்டும். முடிவு கம்பனிக்குப் பாதகமாக வந்தாலும் வெளியிடும் உரிமை உங்களுடையது என்பதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் என்ன செய்யலாம்?

எங்கள் சமூகத்தில் மருத்துவ பீடத்துக்குத் தெரிவான பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். புலமைப்பரிசில் கொடுக்கிறோம். நல்ல காரியம். அந்தப் பிள்ளை டொக்டராகி வெளியே வந்ததும் இனி அவருக்கு என்ன குறை என்று விட்டுவிடுகிறோம். அவருக்குள் ஒரு கேள்வி இருந்தால் அது அங்கேயே கிடக்கிறது.

நான் மேலே சொன்ன அமெரிக்க நிதியத்தின் அடிப்படை எங்களுக்குப் புதிதல்ல. முதலை வைத்துக்கொண்டு அதன் வருமானத்தை ஒரு நற்காரியத்துக்குச் செலவிடுவதை வக்பு என்று நாம் நூற்றாண்டுகளாக அறிவோம். தென்னந்தோட்டத்தையும் கடையையும் பள்ளிக்கு எழுதி வைத்த பெரியவர்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். வருடத்தில் ஒரேயொரு இளம் ஆய்வாளருக்கு, அவர் எந்த இனத்தவராயினும், ஒன்றரை இலட்சம் ரூபா கொடுக்க ஒரு சிறு நிதியம் போதும். எங்கள் மருத்துவர்கள் இருபது பேர் சேர்ந்தால் தலைக்கு 7,500 ரூபா. நிபந்தனை இரண்டே இரண்டு வைக்கலாம்: கேள்வி இந்நாட்டு மக்களைப் பற்றியதாக இருக்க வேண்டும், முடிவைத் தமிழிலோ சிங்களத்திலோ சாதாரண மக்களுக்கும் விளங்க ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

நேரத்தைப் பணத்தால் முழுமையாக வாங்க முடியாதுதான். அதற்கு அமைச்சும் பட்டப்பின் நிறுவனமும் சேர்ந்து பயிற்சிக்குள்ளேயே கிழமைக்கு அரை நாளாவது ஆய்வுக்கென ஒதுக்க வேண்டும். அனுமதியும் ஆஸ்பத்திரி மாறும்போது கூடவே மாறக்கூடியதாக இருக்க வேண்டும். இவை காசு செலவில்லாத சீர்திருத்தங்கள்.

என் ஆய்வு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நிதி கிடைக்கவில்லை. ஒன்கோல் முடிந்த காலைகளிலும் விடுமுறை நாட்களிலும் அளந்தேன். பதினான்கு மாதத்தில் 112 பேர். சில வயதுக் குழுக்களில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அதை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்று புள்ளிவிபரவியலாளர் சொன்னார். அவர் சொன்னது சரி. பரீட்சை வந்தது, வெளிநாட்டுப் பயிற்சி வந்தது. கோப்பு அலுமாரிக்குள் போனது.

அந்தப் பிள்ளைக்கு அன்று நான் எழுதிக் கொடுத்தேன். "உடலின் அளவுக்கு ஏற்ற சிறுநீரகங்கள். நோய்க்கான அறிகுறி இல்லை." என் மனச்சாட்சிப்படி அது சரியான அறிக்கைதான். ஆயினும் மாப்பிள்ளை வீட்டார் அதை வேறொரு டொக்டரிடம் காட்டியிருந்தால், அவர் புத்தகத்தின் அட்டவணையைத் திறந்து மறுத்திருக்கலாம். அப்போது நான் எடுத்து நீட்ட என்னிடம் ஓர் அட்டவணை இருக்கவில்லை. அவர்கள் திரும்பி வரவில்லை. கலியாணம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

போன வருடம் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கை, நீளம் குறைந்த சிறுநீரகத்தை அளந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சேர், இது எங்கட ஆக்களுக்கு நோர்மலா?" என்று கேட்டார். நான் வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். 112 பேரின் கோப்பு அப்படியே இருந்தது. இப்போது அவருக்கு வழிகாட்டி நான். புதிதாகத் தொடங்கும் அளவீட்டுக்கு ஒழுக்கநெறி அனுமதி வந்துவிட்டது. ஒன்றரை இலட்சம் இன்று அதைவிட அதிகமாகும். அதைத் திரட்ட நாங்கள் சில மருத்துவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். கிழமைக்கு அரை நாள் அவரை விடுவிக்க, அவரது ஸ்கேன் வரிசையை நான் பார்க்கிறேன்.